ஸ்டோர்கீப்பரின் ரத்தம்

எங்கள் லேபில் நார்மல் என்றால் ஸ்டோர்கீப்பர். இருபது வருட வேலையில் அந்த மனிதர் சாதித்தது அது ஒன்றுதான். பஞ்சு கேட்டால் கையுறை கொடுப்பார், கையுறை கேட்டால் நாளைக்கு வரச் சொல்வார். ஆனால் அவருடைய ரத்தச் சிவப்பணுக்கள் மட்டும் என்றைக்கு அளந்தாலும் ஒரே வேகத்தில் சர்க்கரையை உள்ளே வாங்கும். எந்த நோயாளியின் ரத்தம் வந்தாலும் அவருடைய ரத்தத்தையும் பக்கத்தில் வைத்துத்தான் அளப்போம். அவர் நூறு என்றால் நோயாளி எத்தனை என்பதே எங்கள் ரிப்போர்ட். இதில் மனிதருக்குத் தலைக்கனம் வேறு. காலையில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே உள்ளே வருவார், ஏதோ நாட்டைக் காப்பாற்றக் கிளம்பியவர் மாதிரி.

எனக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எரிச்சல்தான் வரும். "ரத்தத்துல இருக்கிற செல்லுக்குள்ள சர்க்கரை எப்படிப் போகுதுன்னு அளக்குறோம்" என்பேன். "அப்படியே எனக்கு சுகர் எவ்வளவுன்னு பாத்துச் சொல்லிடுங்களேன்" என்று விரலை நீட்டுவார்கள். மாடிவீட்டுக்காரர் இதுவரை மூன்று தடவை நீட்டியிருக்கிறார். படித்தவர்கள் இன்னும் மோசம். இன்சுலின் என்று ஒரு வார்த்தையைக் கற்று வைத்துக்கொண்டு எதற்கெடுத்தாலும் அதையே எடுத்து விடுவார்கள். சிவப்பணுவுக்கு இன்சுலின் ஒரு பொருட்டே இல்லை என்று சொன்னால் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

விஷயம் இவ்வளவுதான். சிவப்பணு உயிர் வாழ்வது சர்க்கரையால் மட்டும். அதைச் சுற்றியிருப்பதோ கொழுப்பால் ஆன சுவர், அதில் சர்க்கரை ஊடுருவாது. அதனால் சுவர் முழுக்க லட்சக்கணக்கில் புரதக் கதவுகள் உண்டு. கதவு வெளிப்பக்கம் திறந்து ஒரு துளிச் சர்க்கரையை வாங்கும், வெளியை மூடிக்கொண்டு உள்பக்கம் திறந்து விடும். வெளியே அதிகம், உள்ளே குறைவு என்றால் சர்க்கரை தானாக வந்து சேரும். தள்ளிவிட ஆளும் வேண்டாம், திறக்கச் சாவியும் வேண்டாம்.

இதே கதவுதான் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களிலும் இருக்கிறது. சில குழந்தைகள் பிறவியிலேயே பாதிக் கதவுகளோடு பிறக்கும். ரத்தத்தில் சர்க்கரை வேண்டிய மட்டும் ஓடும், மூளை மட்டும் பட்டினி கிடக்கும். வலிப்பு வரும், கால் பின்னும், கண் அலைபாயும், அதிலும் சாப்பிடுவதற்கு முன்னால்தான் அதிகம். மூளையை அறுத்துக் கதவை எண்ண முடியாது. சிவப்பணுவில் எண்ணலாம். கழுவிய செல்களை ஐஸில் வைத்து, கதிரியக்கத்தால் குறியிட்ட சர்க்கரையை ஊற்றி, சரியாகப் பதினைந்தாவது விநாடியில் நிறுத்தும் கரைசலைக் கொட்டிவிட வேண்டும். அதற்குள் எவ்வளவு உள்ளே போனது என்று எந்திரம் எண்ணிச் சொல்லும். நூறை ஒட்டி வந்தால் கதவு சரி. ஐம்பதை ஒட்டி வந்தால் அந்தக் குழந்தைக்குப் பாதிக் கதவு.

இந்தப் பதினைந்து விநாடியில் என் கையை மிஞ்ச ஆள் கிடையாது. எனக்கு அடுத்த டெக்னீஷியன் ஒருவர் இருக்கிறார், என் வயதுதான். நான் அவருக்கு வைத்த பெயர் நத்தை. ஒரு டியூபில் லேபிள் ஒட்ட அரை மணி நேரம், ஒட்டியதைத் தடவிப் பார்க்கக் கால் மணி நேரம். சர்க்கரைக் கரைசல் பாட்டிலை எடுத்தால் அதன் கதிரியக்கத்தை வேலைக்கு முன்னால் ஒரு தடவை எந்திரத்தில் எண்ணுவார், பின்னால் ஒரு தடவை எண்ணுவார். "பாட்டில் என்ன சார், ராத்திரி எழுந்து ஓடிப்போயிடுமா?" என்று கேட்பேன். சிரித்துவிட்டு மறுபடி எண்ணுவார்.

என் தங்கை ஒரு நாள் சாயங்காலம் மகளோடு வந்து நின்றபோது நான் அப்போதுதான் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றியிருந்தேன். தங்கைக்கு மூச்சு வாங்கியது. இரண்டு தெரு நடந்தால் அவளுக்குக் கால் முறுக்கிக்கொள்ளும், வழியில் எங்காவது உட்கார்ந்துவிடுவாள். சின்ன வயதில் அதற்கு நான் ராணி நடை என்று பெயர் வைத்து ஊரைக் கூட்டிச் சிரித்திருக்கிறேன். மகளுக்கு ஒன்பது வயது, நாங்கள் கூப்பிடுவது குட்டி. ஒரு வருடமாகக் காலையில் எழுந்ததும் தலை தொங்கும், கண் எங்கோ போகும், சில நாள் பொத்தென்று விழுவாள்.

"நரம்பு டாக்டர் உங்க லேப் டெஸ்ட் எழுதிக் குடுத்திருக்காங்க அக்கா. பாதின்னு வந்தா கொழுப்புச் சாப்பாடாம். வெண்ணெய், முட்டை, பாலாடைன்னு சர்க்கரைக்குப் பதிலா அதுலயே மூளையை ஓட்டிடலாமாம். நார்மல்னு வந்தா வலிப்பு மருந்தை ஏத்தணுமாம்."

"சரி, வரிசையில பேர் குடு."

"மூணு மாசம் ஆகும்னாங்க. அவ கிளாஸ்ல விழுந்து விழுந்து எந்திரிக்கிறா. நீ நெனச்சா ஒரே நாள்ல முடிச்சிடலாமே."

"வருஷத்துக்கு நூறு ரத்தம் வருது. நாலு பேருக்கு இருந்தா அதிகம். அபூர்வ வியாதியெல்லாம் நம்ம வீட்டு வாசப்படி ஏறாதும்மா. நமக்கு வர்றது சளி, இருமல், இவ்வளவுதான்."

அப்படிச் சொன்னேனே தவிர எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வரிசை, மூன்று மாதம் என்பதெல்லாம் மற்றவர்களுக்கு. சனிக்கிழமை காலையில் சாப்பிடாமல் கூட்டி வா என்றேன்.

சனிக்கிழமை லேபில் யாரும் இல்லை, வாசலில் வாட்ச்மேன் மட்டும். குட்டி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தாள். ஊசி குத்தியபோது அழவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ரத்தம் தயார். பக்கத்தில் வைத்து அளக்க இன்னொருவர் ரத்தம் வேண்டும். ஸ்டோர்கீப்பர் சனிக்கிழமை வரமாட்டார்.

"என் கையில எடுத்துக்கோ அக்கா" என்று தங்கை முன்னால் வந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பெத்தவ ரத்தத்தை வச்சுப் பிள்ளையை அளந்தா அது அளவா? ரெண்டு பேருக்கும் ஒரே குறை இருந்தா, சரிக்குச் சரின்னு வந்து நிக்கும். தெரியாத விஷயத்துல மூக்கை நுழைக்காத. கையில கட்டுற ரப்பரை மட்டும் இறுக்கிப் பிடி."

என் சட்டைக் கையை நானே மடித்து, என் கையில் நானே குத்திக்கொண்டேன். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு ரப்பரைப் பிடித்தாள்.

இதைப் படிக்கும் உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. அவள் பெற்றவள் என்றால் நான் அவளோடு பிறந்தவள். அது என் மண்டையில் ஏறவே இல்லை. அந்த அறைக்குள் நான் யாருக்கும் அக்கா இல்லை, பெரியம்மா இல்லை, நான்தான் லேப். வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொல்லியிருக்கலாம். போயும் போயும் அவரிடமா கேட்பது என்று இருந்தது.

காலையில் கிளம்பிய அவசரத்தில் நானும் சாப்பிட்டிருக்கவில்லை. சாப்பிடாவிட்டால் எனக்கு விரல் நடுங்கும், எதைப் பார்த்தாலும் கோபம் வரும். பத்து மணி டிபனுக்கு முன்னால் மேடமிடம் பேசாதே என்று லேபில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் அப்பாவுக்கும் இப்படித்தான், சோறு ஐந்து நிமிடம் தாமதமானால் தட்டு பறக்கும். பசிக் கோபம் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்போம். அன்றைக்கும் கை நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் பதினைந்து விநாடி என்றால் பதினைந்து விநாடி, ஒரு டியூப் தப்பவில்லை.

எந்திரம் எண்ணி முடித்தது. ஸ்டோர்கீப்பரின் செல்களில் வழக்கமாக நாலாயிரம் வரும். என்னுடையதில் இரண்டாயிரத்து நூறு. குட்டியுடையதில் இரண்டாயிரத்து அறுபது.

இரண்டுமே இப்படி இறங்கியிருந்தால் என்ன அர்த்தம்? குறியிட்ட சர்க்கரை பழசாகிவிட்டது என்று ஒரு நொடியில் தீர்ப்புச் சொன்னேன். கரைசலைத் தனியே எண்ணிப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். நத்தை அதைத்தான் தினமும் செய்கிறார், நான் அதைத்தான் தினமும் கிண்டல் செய்கிறேன். எனக்குப் பசி. அந்தக் கம்பெனிக்காரர்களை நாலு வார்த்தை திட்டிவிட்டு, பாட்டிலில் "கெட்டுப்போனது" என்று சிவப்பு மையில் எழுதிக் கழிவு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பாட்டில் பழசானால் என்ன, கணக்கு கணக்குத்தானே. எனக்கு நூறு என்றால் குட்டிக்குத் தொண்ணூற்றெட்டு.

"பாத்தியா? சுத்தமான நார்மல்" என்றேன் தங்கையிடம். "உன் பொண்ணுக்கு வியாதியும் இல்ல, வெங்காயமும் இல்ல. பாதி வலிப்பு, மீதி பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிப்பு. நீ கொடுக்கிற செல்லம் அப்படி."

குட்டி அப்போது பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

லேப் தாளில் ரிப்போர்ட் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். ஒப்பிட்டது யாரோடு என்ற இடத்தில் "ஆரோக்கியமான பெண், வயது 46" என்று எழுதினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

டாக்டர் ரிப்போர்ட்டை நம்பி மருந்தை ஏற்றினார். பழைய காலத்து வலிப்பு மருந்து அது. கதவில் குறை இருப்பவர்களுக்குக் கொடுத்தால் இருக்கிற கதவையும் கொஞ்சம் அடைக்கும். எனக்கு அது மனப்பாடம், எங்கள் லேபிலேயே செல்களில் போட்டுப் பார்த்திருக்கிறோம். ஆனால் குட்டிக்குத்தான் கதவு தொண்ணூற்றெட்டு ஆயிற்றே.

அடுத்த ஐந்து வாரமும் தங்கை தினமும் ஃபோன் செய்தாள். குட்டி பெஞ்சிலேயே தூங்குகிறாள். எச்சில் வழிகிறது. எழுத்து கோணலாகிவிட்டது. படிக்கட்டில் விழுந்து உதடு கிழிந்தது. இவளை இந்த வகுப்பில் வைத்துக்கொள்ள முடியாது, மாத முடிவுக்குள் வேறு ஏற்பாடு பாருங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். "மருந்து உடம்புக்குப் பழகுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும். சும்மா நொய்நொய்ங்காத" என்று சொல்லி நான் ஃபோனை வைப்பேன்.

ஆறாவது வாரம், ஒரு காலை வேளையில், நத்தை என் மேஜைக்கு வந்து நின்றார். கையில் நான் பூட்டி வைத்த பாட்டில். சிவப்பு மை எழுத்து என்னைப் பார்த்தபடி இருந்தது.

"மேடம், நாளைக்குக் கழிவு எடுக்க வர்றாங்க. எதுல எவ்வளவு கதிரியக்கம் மிச்சம் இருக்குன்னு ஃபாரத்துல எழுதணும்ல. அதான் எண்ணிப் பாத்தேன்."

"அதான் கெட்டுப்போச்சுன்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கேனே. படிக்கத் தெரியாதா?"

"படிச்சேன் மேடம். ஆனா எண்ணிக்கை முழுசா இருக்கு."

"எந்திரத்துல கோளாறா இருக்கும்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அதனால மூணு தடவை எண்ணினேன். அப்புறம் ஸ்டோர்கீப்பர் சார் ரத்தத்துல இதையே ஊத்தி ஓட்டியும் பாத்தேன். நாலாயிரத்து இருபது வந்துச்சு." அவர் பாட்டிலை மெதுவாக என் மேஜைமேல் வைத்தார். "இதுல ஒண்ணும் கெடல மேடம்."

பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பாட்டில் சரி. எந்திரம் சரி. பதினைந்து விநாடி சரி. மிச்சம் இருந்தது இரண்டு பேருடைய ரத்தம். அதில் ஒன்று என்னுடையது.

"நாளைக்குக் காலையில நான் சாப்பிடாம வர்றேன்" என்றேன். "என் ரத்தத்தை எடுத்து, அவர் ரத்தத்தோட வச்சு, நீங்களே ஓட்டுங்க சார்."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அந்த மனிதரிடம் இப்படி ஒரு நல்ல குணம் இருப்பது பதினோரு வருடத்தில் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் அவர் வேலை செய்வதை முதல்முறையாக உட்கார்ந்து பார்த்தேன். லேபிள் ஒட்ட அரை மணி நேரம்தான். ஆனால் ஸ்டாப்வாட்சை அமுக்கியதும் அந்தக் கை என் கையைவிட நிதானமாக இருந்தது. என் கை மடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. எந்திரத்திலிருந்து தாள் வந்தபோது ஸ்டோர்கீப்பரும் எட்டிப் பார்த்தார். அவர் நூறு. இன்னொன்று ஐம்பத்தொன்று.

"ஐயோ பாவம்" என்றார் ஸ்டோர்கீப்பர். "எந்தப் பிள்ளை மேடம் இது?"

"பிள்ளை இல்ல. நான்தான்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து இன்னொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். மனிதர் தன் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து வந்து கொடுத்தார். கேட்டதைக்கூடக் கொடுக்காதவர், கேட்காமல் கொடுத்தார். வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன், அதைப் பிரிக்க எனக்குப் பொறுமை இல்லை.

எனக்கு ஐம்பத்தொன்று. எனக்குச் சரிக்குச் சரி குட்டி. ராணி நடை நடக்கும் தங்கை, தட்டை வீசிய அப்பா, பத்து மணிக்கு முன்னால் யாரும் நெருங்க முடியாத நான். வீடு முழுக்கப் பாதிக் கதவு. எங்களையெல்லாம் லேசாகத் தட்டிவிட்டுப் போனது அந்தப் பிள்ளையைப் போட்டு மிதித்திருக்கிறது. மிதிபட்டவளைப் பார்த்து நடிக்கிறாள் என்று சொன்ன மேதை நான்.

லேப் வாசலிலிருந்தே டாக்டரை ஃபோனில் கூப்பிட்டேன். பூசி மெழுகாமல் சொன்னேன்.

"ஆரோக்கியமான பெண்ணுன்னு எழுதியிருந்தீங்க" என்றார் டாக்டர். "குழந்தையோட பெரியம்மான்னு எழுதியிருந்தா நான் ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பியிருப்பேன். காலேஜ்ல முதல் வருஷம் படிக்கிற பிள்ளைகூட இதைச் செய்யாது."

"தெரியும்."

"இன்னைக்கே கூட்டிட்டு வரச் சொல்லுங்க. மருந்தைப் படிப்படியாத்தான் குறைக்கணும், வீட்டுல யாரும் திடீர்னு நிறுத்திட வேண்டாம். அட்மிட் பண்ணி, கொழுப்புச் சாப்பாட்டை இங்கயே ஆரம்பிச்சிடலாம்."

"இந்த அஞ்சு வாரத்துல ஏதாவது போயிருந்தா, திரும்ப வருமா டாக்டர்?"

"அது எனக்குத் தெரியாது" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் ஃபோனை வைக்கும் விதத்தைவிட மரியாதையாகத்தான் வைத்தார்.

தங்கை வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. சாப்பாட்டு மேஜையில் குட்டி தலையைக் கவிழ்த்துப் படுத்திருந்தாள், பள்ளிக்கூட உடை போட்டபடி. கன்னத்தின் கீழே ஈரம். பக்கத்தில் கால்வாசி தின்ற ரொட்டி. உதட்டில் தையல் போட்ட தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. தங்கை எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். என் ரத்தம், என் பாட்டில், என் கையெழுத்து.

தங்கை கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அன்னைக்கு என் ரத்தம் வேணாம்னு சிரிச்ச."

"ஆமா."

"அந்த மருந்து கசக்கும் அக்கா. இவ வாயை இறுக்கி மூடிக்குவா. நான் மூக்கைப் பிடிச்சு ஊத்தினேன். அஞ்சு வாரம், தினம் ரெண்டு வேளை, இந்தக் கையாலயே ஊத்தினேன். பெரியம்மாவே நார்மல்னு சொல்லிட்டாங்க, நீ நடிக்காதன்னு அடிச்சு ஊத்தினேன்."

அறிவு இருக்கிறது, நாக்கு இருக்கிறது, நாற்பத்தாறு வருடமாக இரண்டையும் தீட்டிக்கொண்டே வந்திருக்கிறேன், அந்த நேரத்துக்கு ஒன்றும் உதவவில்லை. தண்ணீராவது குடிப்போம் என்று டம்ளரை எடுத்தேன். கை உதறியது. டம்ளர் மேஜையில் தடதடவென்று தட்டிப் பாதித் தண்ணீர் கொட்டியது. கால் வேறு பின்னியது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

தங்கைக்கு அப்போதுதான் பொறுக்கவில்லை. "போதும் அக்கா! செய்றதையெல்லாம் செஞ்சிட்டு இங்க வந்து நடுங்கிக் காட்டுறியா? இந்த நடிப்பெல்லாம் என்கிட்ட வேணாம்!"

அந்தச் சத்தத்தில் குட்டி தலையைத் தூக்கினாள். மருந்து மயக்கத்தில் கண் பாதிதான் திறந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். டம்ளரைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக, நெடுநேரம் பார்த்தாள். என் கையை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"நடிப்பு இல்லம்மா" என்றாள். நாக்கு குழறியது. "பெரியம்மா இன்னும் சாப்பிடல."

பிறகு தன் தட்டை மெல்ல என் பக்கம் தள்ளினாள். ரொட்டியின் ஓரம் அவள் எச்சிலில் நனைந்திருந்தது. நான் உட்கார்ந்து அதைத் தின்றேன்.